நடப்போர்க்கு ஓர் இடம்

குழந்தை முதன்முதலாக இரண்டடி எடுத்து வைக்கும் நாளில் வீடே கைகொட்டிக் களிக்கின்றது. அதே குழந்தை ஆறு வயதில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நானே பள்ளிக்கு நடந்து போகிறேன்" என்று சொன்னால், தாயின் வயிற்றில் நெருப்புப் பற்றிக்கொள்கின்றது. பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த சமுதாயம், நடப்பதற்குரிய இடத்தை அமைத்துக் கொடுக்க மறந்துவிட்டது.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் முதியோர் நம்மிடம் சொல்லும் குறை ஒன்றுண்டு: "கோவில் ஒண்ணும் தூரமில்லை சாமி. நடக்கவும் தெம்பு இருக்கு. இந்த ரோட்டில இறங்கத்தான் பயமா இருக்கு." காலில் வலுவிருந்தும், மனத்தில் ஆவலிருந்தும், பாதை இல்லாத காரணத்தால் வீட்டுத் திண்ணையோடு முடங்கிவிட்டவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! மருத்துவமனைக்குச் செல்லவும், கடைக்குச் செல்லவும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவரவும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது முதுமை மட்டுமன்று, நம் தெருக்களுந்தான்.

அவர்களுடைய அச்சம் வீண் அச்சம் அன்று என்பதற்குக் கணக்கே சான்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் எந்த வாகனத்திலும் ஏறாமல், தம் பாட்டுக்கு நடந்து சென்றவர்கள். 2023-ஆம் ஆண்டில் மொத்தச் சாவு 1,72,000-ஐக் கடந்தது; அதில் நடந்து சென்றோர் 35,000-க்கும் மேல். சாலையில் சாகும் ஐவரில் ஒருவர் நடந்து செல்பவர். நாளொன்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் இவ்வாறு மடிகின்றனர். ஒரு பேருந்து கவிழ்ந்து நாற்பது பேர் இறந்தால் நாடே பதறுகின்றது. இரண்டு பேருந்துகள் கொள்ளக்கூடிய மக்கள் நாள்தோறும் ஒருவர் ஒருவராகச் சாலையோரத்தில் விழுவதை நாம் விதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றோம்.

இது விதி அன்று. வண்டிக்கும் மனிதனுக்கும் இடையே ஓர் எல்லை வகுக்காததன் விளைவு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதுவதைவிட, 65 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால், நடந்து செல்பவர் சாகும் அபாயம் நான்கரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மனித உடல் தாங்கக்கூடிய அடிக்கு ஓர் அளவுண்டு. அவ்வளவை மீறும் வேகம் செல்லும் சாலைகளில், நடப்போரைத் தனியே பிரித்து உயர்ந்த மேடை ஒன்றில் நடக்கச் செய்தல் அருளும் அன்று, ஆடம்பரமும் அன்று; உயிர் காக்கும் ஏற்பாடு.

நடைபாதை என்பது யாது?

சாலையோரத்தில் சிமெண்டுக் கல்லைப் பதித்துவிட்டாலே நடைபாதை ஆகிவிடாது. நம் நாட்டுச் சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பு 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஆகும். அது 2012-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, நடப்பதற்கென்றே தடையின்றி விடப்படும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறடி, இருத்தல் வேண்டும். சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தாலும் விலகிச் செல்லப் போதிய அகலம் அது. கடைவீதிகளில் இன்னும் கூடுதலான அகலம் வேண்டும். சாலையைவிட நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருத்தலாகாது.

இந்த உயரக் கணக்கில்தான் பெரும்பாலான ஊர்கள் தவறிவிடுகின்றன. ஒன்றரை அடி உயரத்தில் கட்டப்பட்ட நடைபாதையில் மூட்டுவலியுள்ள மூதாட்டி ஏறமாட்டார், சாலையிலேயே நடப்பார். வீட்டுக்கு வீடு கார் ஏற்றுவதற்கென ஒரு சரிவு, அடுத்த வீட்டில் ஒரு மேடு, அதற்கடுத்த வீட்டில் மீண்டும் ஒரு பள்ளம் என்று அலைபோல் ஏறியிறங்கும் பாதையில் குழந்தையை இடுப்பில் சுமந்த தாய் நடக்கமாட்டார். நூறடி தூரம் நல்ல பாதை அமைத்து, நடுவே ஒரு மின்மாற்றியை நிறுத்திவிட்டால், அந்த இடத்தில் மனிதர் சாலையில் இறங்கித்தான் தீரவேண்டும். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியில் இருப்பது போல, நடைபாதையின் பயன் அது அறுபடும் இடத்தில் தீர்மானிக்கப்படுகின்றது.

பார்வையற்றோர் காலால் தடவி வழியறிவதற்கென மேடு வைத்துச் செய்யப்படும் மஞ்சள் நிற ஓடுகளை நேயர்கள் தொடர்வண்டி நிலையங்களில் கண்டிருக்கலாம். ஜப்பான் நாட்டில் செய்யிச்சி மியாக்கே என்பவர் 1965-இல் இவற்றை உருவாக்கினார். 1967-இல் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே, இவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நம் நகரங்களிலும் இவ்வோடுகளைப் பதிக்கின்றார்கள். ஆனால் சில இடங்களில் அவை நேரே மின்கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிடுவதைக் காணும்போது, பதித்தவர் ஒருமுறையேனும் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் நடந்து பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகின்றது.

மற்றொரு கேடும் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகின்றது. நடைபாதை தாழ்ந்துகொண்டே போகின்றது. மழைநீர் வீட்டுக்குள் புகுகின்றது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று ஆணையிட்டார். ஆணை தாளில் உள்ளது. அது தெருவில் நிறைவேறுகின்றதா என்று பார்க்க வேண்டியவர்கள் தெருவில் குடியிருப்போரே.

இரத்லாம் நகரத்து மக்கள்

"நாம் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்பது நம் மக்களிடையே அடிக்கடி எழும் வினா. அதற்கு விடையாக உண்மை வரலாறு ஒன்றைக் கூறுவோம்.

நம் ஊர்களில் நடைபாதையும் சாக்கடையும் பெரும்பாலும் ஒன்றேதான். சாக்கடைக்கு மேலே போட்ட மூடியே நடைபாதை. மூடி உடைந்தால் படுகுழி. மத்தியப் பிரதேச மாநிலத்து இரத்லாம் நகரில் 'நியூ ரோடு' என்னும் தெருவில் குடியிருந்தோருக்கு அந்த மூடியும் இல்லை. திறந்த சாக்கடை நாறியது. கழிப்பிடமற்ற ஏழைகள் அதன் ஓரத்திலேயே ஒதுங்கினர். சாராய ஆலையின் கழிவும் தெருவில் ஓடியது. நகராட்சியிடம் சொல்லிச் சொல்லி அலுத்த மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவைக் கையிலெடுத்து, உட்கோட்ட நடுவரிடம் முறையிட்டனர். பொது மக்களுக்குத் தொல்லை தருவதை அகற்ற ஆணையிடும் அதிகாரத்தை அப்பிரிவு நடுவருக்கு வழங்கியிருந்தது.

நடுவர் ஆணையிட்டார். நகராட்சி பணியவில்லை. பணம் இல்லை என்றது. அங்கு வீடு கட்டியோர் நிலைமை தெரிந்துதானே வந்தார்கள் என்றும் வாதிட்டது. வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். மக்களுக்குச் செய்யவேண்டிய அடிப்படைக் கடமையைச் செய்யாமல், பணமில்லை என்று சொல்லி எந்த நகராட்சியும் தப்பிக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு தெருவில் வாழ்ந்த எளிய மக்களின் பிடிவாதம் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. அந்த 133-ஆம் பிரிவு இன்று வேறு எண்ணில் வாழ்கின்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவே அது.

பெற்றோர் எழுந்த நாடு

இரத்லாமில் மக்கள் சட்டத்தின் வாசலைத் தட்டினர். அதே காலத்தில், ஐரோப்பாவில் நெதர்லாந்து நாட்டுப் பெற்றோர் தெருவிலேயே வந்து அமர்ந்தனர். இன்று அந்நாடு சைக்கிளுக்கும் நடைக்கும் பெயர் பெற்றது. எப்போதும் அப்படியே இருந்ததாக எண்ணிவிட வேண்டா. 1971-ஆம் ஆண்டில் அச்சிறிய நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர்.

'தெ தெய்த்' என்னும் கத்தோலிக்க நாளேட்டின் ஆசிரியர் குழுவிலிருந்த விக் லாங்கன்ஹோஃப் என்பவர் அவ்வாறு தம் மகளைப் பறிகொடுத்தவர். 1972-இல் அவர் தம் ஏட்டில் ஒரு கட்டுரை வரைந்தார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு. விபத்து என்னும் மெல்லிய சொல்லை விலக்கிவிட்டுக் கொலை என்றே அவர் பெயரிட்டார். பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்றார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. மார்த்தியெ ஃபான் புத்தன் என்னும் இளந்தாய் அதன் முதல் தலைவியானார். தெருவை மறித்து மேசையிட்டு அண்டை வீட்டார் அனைவரும் கூடி உண்டனர். குழந்தைகள் அச்சமின்றி ஆடினர். 1976-இல், குடியிருப்புத் தெருவின் முழு அகலத்திலும் நடப்போர்க்கே முதலிடம், வண்டிகள் நடைவேகத்தில்தான் ஊரவேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது. வாகனங்கள் பன்மடங்கு பெருகிய பின்னும், அண்மை ஆண்டுகளில் அங்கே சாலைச் சாவு ஆண்டுக்கு எழுநூறை ஒட்டியே உள்ளது.

ஒரு தந்தையின் கண்ணீர் அவர் வீட்டு அறைக்குள்ளேயே உலர்ந்து போயிருக்கலாம். அண்டை அயலார் அதைத் தம் கண்ணீராக ஏற்றமையால் பல்லாயிரம் வீடுகளில் கண்ணீர் சிந்தாமல் நின்றது.

கோவையிலிருந்து ஒரு மனு

நம் தமிழகத்திலும் அத்தகைய முயற்சி இல்லாமல் இல்லை. கோவை நகரின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவ வல்லுநர் எஸ். இராசசேகரன் அவர்கள், சாலைகளில் நிகழும் சாவைத் தடுக்க வழிசெய்யுமாறு வேண்டி, 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். உடைந்த எலும்பைச் சேர்த்து வைப்பதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. எலும்பு உடையாதிருக்க என்ன செய்வது என்று நாட்டைக் கேட்டார்.

அந்த மனுவின் தொடர்ச்சியாக, 2025-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. தடையற்ற நடைபாதையில் நடக்கும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியாகும் என்று அது உரைத்தது. நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கவையாய் இருக்கவேண்டும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும், எல்லா மாநிலங்களும் இதற்கென நெறிமுறை வகுக்கவேண்டும் என்றும் பணித்தது. ஆகவே நேயர்களே, நடைபாதை கேட்டு மனு எழுதும்போது நாம் சலுகை கேட்கவில்லை. உயிர்வாழும் உரிமையைக் கேட்கின்றோம். கூனிக் குறுகிக் கேட்க வேண்டுவதில்லை.

யாரை அகற்றுவது?

ஆக்கிரமிப்பு என்றவுடன் நம் விரல் முதலில் நீள்வது கீரைக்காரியை நோக்கியும் தள்ளுவண்டிக்காரரை நோக்கியுந்தான். இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நடைபாதையைத் தனக்கென்று வளைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை என்று சொன்னது. அதே தீர்ப்பில், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றும் சொன்னது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இவ்விரண்டையும் இணைத்து வைக்க முயல்கின்றது. ஊர்தோறும் நகர விற்பனைக் குழு அமையவேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது இடம் வியாபாரிகளுக்கே. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று அக்குழுவைக் கலந்தே வகுக்கவேண்டும். கீரைக்காரி ஓரமாக அமர்ந்து, ஆறடி பாதை நமக்கும் மிஞ்சுமாறு தெருவை அமைக்க முடியும். ஏழையை விரட்டிப் பெறும் பாதையில் நிம்மதியாக நடப்பது எங்ஙனம்?

மாறாக, பெரிய ஆக்கிரமிப்புகள் பல கண்ணுக்குப் படாமலே நிலைத்துவிடுகின்றன. வீட்டு மதிலுக்கு வெளியே ஐந்தடி தூரம் வரை நீளும் சிமெண்டுச் சரிவு, நடைபாதையில் வளர்க்கும் பூந்தோட்டமும் அதற்கொரு கம்பி வேலியும், கடைக்கு வெளியே நிரந்தரமாக நிற்கும் விளம்பரப் பலகை, ஓரமாக ஏற்றி நிறுத்திய கார் ஆகியவை ஏழைகளுடையவை அல்ல.

கோவிலைச் சார்ந்தவற்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஞாயிறு திருப்பலி நேரத்தில் பல ஆலயங்களின் முன்னே நடைபாதை முழுவதும் இருசக்கர வண்டிகள் அடுக்கி நிற்கின்றன. சில ஊர்களில் கெபிகளே நடைபாதையை மறித்து எழும்பியிருக்கின்றன. பொதுச் சாலைகளில் கோவில், தேவாலயம், மசூதி, குருத்வாரா என்ற பெயரில் அனுமதியற்ற கட்டடம் எதுவும் புதிதாக எழும்பலாகாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கருவுற்ற பெண் ஒருத்தி அன்னையின் கெபியைச் சுற்றிக்கொண்டு ஓடும் பேருந்தின் முன்னே இறங்கி நடக்க நேர்ந்தால், அக்கெபி அன்னைக்குச் செய்யும் வணக்கம் ஆகுமா? 2007-இல் திருப்பீடத்தின் அவை ஒன்று சாலைக்கென மேய்ப்புப் பணி வழிகாட்டி வெளியிட்டு, ஓட்டுநர்க்குப் பத்துக் கட்டளைகளையும் வகுத்தது. அவற்றுள் ஒன்று, சாலையில் வலிமை குறைந்தவரைக் காக்கச் சொல்கின்றது. அக்கட்டளை வண்டியை நிறுத்தும் இடத்துக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

கோபத்தோடு கூடிக் கோஷமிட்டுக் கலைந்தால் பயன் சிறிது. ஒழுங்காகச் செய்தால் பயன் பெரிது.

முதலாவது, சாலை யாருடையது என்று அறிய வேண்டும். ஒரே ஊரில் ஒரு சாலை மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ உரியது. மற்றொன்று மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. வேறொன்று தேசிய நெடுஞ்சாலை. கம்பமும் மின்மாற்றியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. வாசல் மாறித் தட்டினால், "இது எங்களுடையதன்று" என்ற ஒரே பதிலில் ஓராண்டு கழிந்துவிடும்.

இரண்டாவது, தெரு முழுவதும் நடந்து அளக்க வேண்டும். தையல் நாடா போதும். எந்த வீட்டெண் அருகே மூடி இல்லை, எங்கே அகலம் மூன்றடியாகச் சுருங்குகின்றது, எங்கே விளக்கு எரியவில்லை, பள்ளி விடும் நேரத்தில் எத்தனை பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்கின்றனர் என்று எழுதிப் புகைப்படமும் எடுக்க வேண்டும். "நடைபாதை மோசம்" என்ற மனுவை அதிகாரி எளிதில் ஒதுக்கிவிடுவார். "பதினான்கு மூடிகள் இல்லை, இதோ பட்டியல்" என்ற மனுவை ஒதுக்குவது கடினம்.

மூன்றாவது, மனு தெரு முழுவதற்கும் உரியதாய் இருக்கவேண்டும். உடைந்த மூடி இந்துவென்றும் இசுலாமியரென்றும் கிறிஸ்தவரென்றும் பார்த்து விழுங்குவதில்லை. அன்பியத்தார் தொடங்கலாம், ஆனால் அண்டை வீட்டார் அனைவரின் கையொப்பமும் அதில் இடம்பெற வேண்டும். சக்கர நாற்காலியில் செல்பவரும் கண்பார்வையற்றவரும் அந்தக் குழுவில் முன்னே இருக்கட்டும். பாதையின் குறை அவர்களுக்கே நன்கு தெரியும்.

நான்காவது, கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகை பெறவேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள், கிராம சபை, 2022 முதல் நகரங்களில் அமைந்துவரும் பகுதி சபை ஆகியவை இதற்குரிய இடங்கள். மறுமொழி வாராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, மனு எந்த மேசையில் உறங்குகின்றது என்று கேட்கலாம். முப்பது நாளில் விடையளிக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை. அதன்பின்னும் அசையாவிடில், இரத்லாம் மக்கள் நடந்த வழி திறந்தே இருக்கின்றது.

ஐந்தாவது, வேலை நடக்கும்போது தெருவிலிருந்து யாரேனும் உடனிருந்து பார்க்க வேண்டும். உயரம் அரையடிக்கு மிகுந்துவிட்டதா, வளைவுகளில் சரிவு விட்டார்களா என்பதை அப்போதே கேட்டால் திருத்த முடியும். சிமெண்டு இறுகியபின் கேட்டால் அடுத்த ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டும். நெறிமுறைப்படி சாலை அமைக்கத் தவறியதால் உயிரோ உறுப்போ போகுமாயின், பொறுப்பானவர்க்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வழிசெய்துள்ளார்கள் என்பதையும் ஒப்பந்தக்காரர் காதில் போட்டு வைக்கலாம்.

இவற்றுள் எதுவும் ஒரு மாதத்தில் முடிவதன்று. கையொப்பமிட்ட ஐம்பது பேரில் ஆறாம் மாதத்தில் ஐவரே எஞ்சுவர். அந்த ஐவர் சோராதிருப்பதே வெற்றியின் இரகசியம்.

தொடக்கம் மிக எளிது. வரும் ஞாயிறன்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கோவிலுக்கு நடந்து வாருங்கள். பாட்டியையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். வழியில் எத்தனை முறை அவர் சாலையில் இறங்க நேர்ந்தது, எந்தெந்த இடத்தில் என்று பிள்ளைகள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தாளை அடுத்த அன்பியக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் தெருவின் மனுவுக்கு முதற்பக்கம் அதுவே.